காதைப் பார்த்துச் செய்யும் காது: செயற்கை உள்காது ஆராய்ச்சியும் நம் தறிக்குடோன்களும்

பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிக்குடோனில் இருபது முப்பது வருடம் நின்றவர்களிடம் காதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பேசறது காதுல விழுகுதுங்க, என்ன பேசறீங்கன்னுதான் வெளங்க மாட்டேங்குது." வீட்டில் இருப்பவர்கள் இதை வயசு என்று எடுத்துக்கொள்கிறார்கள், கவனம் இல்லை என்று கோபப்படுகிறார்கள், சத்தம் போட்டுப் பேசிப் பார்க்கிறார்கள். அப்போதும் புரிவதில்லை. கத்துகிறார்களே என்ற வருத்தம்தான் மிஞ்சுகிறது.

அந்த மனிதர் சொல்வது மருத்துவரே குறித்துக்கொள்ளத் தக்க வர்ணனை. நம் பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அலைவெண்களில் இருக்கிறது. அலைவெண் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். ச, த, ட, க, ப என்று மெய்களைப் பிரித்துக்காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. நாடா ஓடும் பழைய விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டி 100-ஐ நெருங்கும். அதில் வருடக்கணக்கில் நின்றால் முதலில் அடிவாங்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேட்புத்திறன். தாழ்ந்த ஒலிகள் அப்படியே கேட்கும். ஆகவே ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், அவர் "பத்து" என்றாரா "பட்டு" என்றாரா என்பது தெரியாது. கேட்புத்திறனை அலைவெண் வாரியாக வரைந்துகாட்டும் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தால் 4,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளம் விழுந்து, 8,000-க்குப் போகும்போது கோடு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். வயசால் வரும் கேடு அப்படி ஏறாது, இறங்கிக்கொண்டே போகும்.

ஹியரிங் எய்டு இந்தக் காதுக்கு ஓரளவு உதவும். ஆனால் அது செய்வது ஒலியைப் பெருக்கித் தருவது மட்டும்தான். வாங்கிக்கொள்ளும் செல்கள் செத்துப்போன இடத்தில் எவ்வளவு பெருக்கிக் கொடுத்தாலும் பயன் குறைவு. அந்தச் செல்களின் வேலையையே எடுத்துச் செய்யும் ஒரு கருவியைத்தான் ஜப்பான், கொரியா, துருக்கி, ஜெர்மனி, அமெரிக்கா என்று பல நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்க்கின்றன. உயிருள்ள உள்காது எப்படி இயங்குகிறதோ அதே மாதிரி இயங்கும் செயற்கை உள்காது. அது எங்கே நிற்கிறது, நம் ஊருக்கு அது ஏன் முக்கியம் என்பதை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை.

வடிவமே செய்யும் வேலை

உள்காதில் கேட்புக்கான பகுதி காக்ளியா. நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட, பட்டாணி அளவுள்ள எலும்புக் கூடு. சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் திரவம். நடுவே நீளவாக்கில் அடித்தளச் சவ்வு என்று ஒரு மெல்லிய பட்டை ஓடுகிறது. காதின் வாசல் பக்கம் இந்தப் பட்டை குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும். உள்ளே போகப் போக அகன்று தளர்ந்துவிடும். எலும்புச் சுருள் உள்ளே போகப் போகக் குறுகுகிறது, அதற்குள் இருக்கும் சவ்வோ அகலமாகிக்கொண்டே போகிறது. இந்த ஒரு ஏற்பாட்டில்தான் கேட்பதன் பாதி ரகசியம் இருக்கிறது.

விறைப்பான பக்கம் உயர்ந்த ஒலிக்கு அதிரும், தளர்ந்த பக்கம் தாழ்ந்த ஒலிக்கு அதிரும். ஒரு பேச்சொலி உள்ளே வந்தால் அதன் ஒவ்வொரு அலைவெண்ணும் சவ்வின் ஒவ்வொரு இடத்தில் போய் உச்சத்தை எட்டி அடங்கிவிடும். ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் ஃபான் பெகெஷி இந்த ஓடும் அலையை இறந்தவர்களின் காதுகளில் நுண்ணோக்கியால் பார்த்தார். 1961-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கணினி இல்லை, கணக்குப் போடும் சிப் இல்லை. ஒலியை அலைவெண் வாரியாகப் பிரிக்கும் வேலையை அந்தப் பட்டையின் வடிவமும் விறைப்பும் திரவமும் சேர்ந்தே முடித்துவிடுகின்றன.

பிரித்த அதிர்வை மின்சாரமாக மாற்றுவது மயிர்ச்செல்களின் வேலை. ஒரு காதில் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள், சுமார் 12,000 வெளி மயிர்ச்செல்கள். செல்லின் தலையில் இருக்கும் நுண்மயிர்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் சன்னமான வாசல்கள் திறந்து பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாயும். மெல்லிய ஒலியில் அந்தச் சாய்வு ஒரு நானோமீட்டர்கூட இருக்காது. உள் மயிர்ச்செல்கள் இந்தச் செய்தியைச் செவி நரம்பின் சுமார் 30,000 இழைகளுக்குக் கொடுக்கின்றன. வெளி மயிர்ச்செல்களின் வேலை வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன். சத்தத்தில் முதலில் சாவது அவைதான்.

செத்தால் திரும்ப முளைக்காது. மனிதனுக்கு மட்டுமில்லை, பாலூட்டிகள் எதற்கும் முளைக்காது. ஆனால் கோழிக்கு முளைக்கும். கடும் சத்தத்தால் காது கெட்ட கோழிக்குச் சில வாரங்களில் புது மயிர்ச்செல்கள் வந்துவிடும் என்று 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நாமக்கல்லில் லட்சக்கணக்கில் வளரும் கோழிகள் ஒவ்வொன்றின் காதிலும் இருக்கும் அந்தத் திறமை நமக்கு இல்லை. அதை மருந்தால் மனிதக் காதில் தூண்டிவிட நடந்த முயற்சிகளில் பெரிதாகப் பேசப்பட்ட ஒன்று 2023-இல் மனிதச் சோதனையில் தோற்றது. எனவே செத்த செல்லுக்குப் பதில் கருவி என்ற வழிதான் இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும் வழி.

இப்போது இருக்கும் இம்பிளான்ட்

செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்கவைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் நம் பக்கம் புதிய செய்தி இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் இது பெரிய தேவை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுக் கணக்கில் இங்கே சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டும்போது இருவருமே ஒரே கெட்ட மரபணுவைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிறவிக் கேளாமையில் கணிசமான பங்கு அப்படி வருவதுதான். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சொந்தத்தில் கட்டியவர்கள் குழந்தை பிறந்த உடனே காதுப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பேச்சைப் பிடிக்கும் மூளைப் பகுதி முதல் மூன்று, மூன்றரை வயதுக்குள் ஒலியைக் கேட்டாக வேண்டும். அதற்குப் பிறகு இம்பிளான்ட் வைத்தாலும் பலன் குறைந்துகொண்டே போகும்.

1957-இல் பாரிஸில் ஆந்திரே ஜூர்னோ, ஷார்ல் ஏரியே என்ற இருவர் முதன்முதலாக ஒரு காது கேளாதவரின் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். 1961-இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் தொடர்ந்தார். 1977-இல் வியன்னாவில் ஹோக்மையர் தம்பதி, 1978-இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் ஆகியோர் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார்கள். கிளார்க்கின் அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர், அவருக்கே காது கேட்காது. சுருண்ட காக்ளியாவுக்குள் மின்முனைக் கம்பியை எப்படி நெடுந்தூரம் செலுத்துவது என்று தெரியாமல் கிளார்க் தவித்த காலத்தில், ஒரு கடற்கரையில் உட்கார்ந்து கிளிஞ்சலுக்குள் புல் இதழைச் செருகிப் பார்த்தாராம். நுனி வளைந்துகொடுத்து, அடி விறைப்பாக இருந்த புல் நன்றாக உள்ளே போயிற்று. இன்றைய மின்முனைகளும் அப்படித்தான், நுனி இளகலாக, அடி கெட்டியாக இருக்கின்றன. 2013-இல் கிளார்க், இங்கெபோர்க் ஹோக்மையர், அமெரிக்காவின் பிளேக் வில்சன் மூவருக்கும் லாஸ்கர் பரிசு கொடுத்தார்கள்.

கருவி வேலை செய்யும் விதம் இது. காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மைக் ஒலியை வாங்கும். அதோடு இருக்கும் பிராசஸர் ஒலியை அலைவெண் வாரியாகப் பிரித்துக் கணக்கிடும். தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் காயில் வழியாகத் தோலுக்கு உள்ளே இருக்கும் பகுதிக்குச் செய்தி போகும். அங்கிருந்து காக்ளியாவில் செருகியிருக்கும் 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் நரம்பை நேரடியாகத் தூண்டும். செத்துப்போன சவ்வு, மயிர்ச்செல் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இது மகத்தான சாதனை. பிறவியிலேயே கேளாத பிள்ளைகள் பேசிப் படித்து வேலைக்குப் போகிறார்கள், அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? ஆனால் குறை என்று பார்த்தால், 3,500 இழை ஓடிய பாவில் 22 இழையை மட்டும் விட்டுவிட்டுத் துணி நெய்யச் சொல்கிற மாதிரி இருக்கிறது காரியம். அந்த 22-உம் தனித்தனியாக நிற்பதில்லை. காக்ளியாவின் திரவம் உப்புநீர், மின்சாரம் அதில் பரவி அடுத்த முனையின் இடத்தையும் தொட்டுவிடும். பலருக்கு உண்மையில் பிரிந்து கேட்பது எட்டு வழிகள் அளவுக்குத்தான். அமைதியான அறையில் ஒருவர் பேசினால் போதுமானது. கல்யாண மண்டபத்தில், பஸ் ஸ்டாண்டில், வகுப்பறை இரைச்சலில் திணறும். இசையில் இன்னும் தெளிவாகத் தெரியும். மாரியம்மன் திருவிழாவில் தப்பட்டை, பம்பை அடியின் தாளம் இம்பிளான்ட் வைத்தவருக்கு நன்றாகவே பிடிபடும். நாதஸ்வரத்தின் ராகம் குழம்பிவிடும், ஏனென்றால் சுருதியைக் காட்ட நெருக்கமான இழைகள் வேண்டும்.

அடுத்த குறையை வீட்டுக்காரர்கள்தான் நன்றாகச் சொல்வார்கள்: செலவு. அறுவை சிகிச்சை திட்டத்தில் முடிந்துவிடும். பேட்டரி ஓயாது. காயிலும் கேபிளும் குழந்தை ஓடியாடும்போது போகும். பிராசஸர் சில வருடங்களில் பழசாகும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் பெரும்பாலும் கழற்றி வைக்க வேண்டும். கழற்றினால் குழந்தைக்கு உலகம் மௌனம். இந்தத் தொல்லைகள் எல்லாமே வெளியே மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்து வருகின்றன. அந்தப் பெட்டி எதற்காக இருக்கிறது? உயிருள்ள காதில் சவ்வின் வடிவம் சும்மா செய்துகொண்டிருந்த அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்ய. இங்கேதான் செயற்கை உள்காது ஆராய்ச்சி வந்து நுழைகிறது.

அதிர்ந்தால் மின்சாரம் தரும் பட்டை

வடிவமே பிரிக்கும் என்றால், அதே வடிவத்தில் ஒரு சவ்வைச் செய்து வைத்தால் என்ன? அந்தச் சவ்வை அதிர்ந்தால் தானாக மின்சாரம் தரும் பொருளால் செய்துவிட்டால், பிரிப்பதும் மின்சாரமாக்குவதும் ஒரே இடத்தில் முடிந்துவிடுமே?

அப்படிப்பட்ட பொருள்கள் உண்டு. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை 1880-இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டார்கள். பீசோ விளைவு என்று பெயர். கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்தும்போது பொறி வருவது இதனால்தான். பிளாஸ்டிக் குடும்பத்தைச் சேர்ந்த பிவிடிஎஃப் என்ற பாலிமரிலும் இந்தக் குணம் உண்டு என்று 1969-இல் ஜப்பானில் தெரியவந்தது. பிவிடிஎஃப் மெல்லியது, வளையும், உடம்போடு ஒத்துப்போகும். அறுவை சிகிச்சைத் தையல் நூலாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

2011-இல் கியோத்தோ, ஒசாகா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரு பிவிடிஎஃப் சவ்வைச் செய்து காட்டினார்கள். ஒரு முனை குறுகல், மறு முனை அகலம், சரிவகம் போன்ற வடிவம். மேலே வரிசையாக நுண்ணிய மின்முனைகள். உயர்ந்த ஒலி கொடுத்தால் குறுகிய பக்கமும் தாழ்ந்த ஒலி கொடுத்தால் அகன்ற பக்கமும் மின்சாரம் தந்தது. வெளியே பேட்டரி இல்லாமல், கணினி இல்லாமல், சவ்வே ஒலியைப் பிரித்துவிட்டது. காது கெடுக்கப்பட்ட கினிப் பன்றிகளில் அந்த மின்சாரத்தைப் பெருக்கி நரம்புக்குக் கொடுத்தபோது மூளைத்தண்டில் கேட்புக்கான மின்னலைகள் எழும்பின.

"பெருக்கி" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெரிய இடைஞ்சல் அதில்தான் இருக்கிறது. சவ்வு தரும் மின்சாரம் மிகச் சன்னம். நரம்பைத் தூண்ட வேண்டிய அளவுக்கு அது நேரடியாக எட்டவில்லை. ஆக, ஏதோ ஒரு பெருக்கியும் அதற்கு ஒரு மின்மூலமும் வேண்டியிருக்கிறது. கொரியாவின் காய்ஸ்ட் நிறுவனத்தில் கியோன் ஜே லீ குழு 2014-இல் பிவிடிஎஃபுக்குப் பதில் பிஇசட்டி என்ற பீங்கான் படிகத்தின் மெல்லிய படலத்தை வளையும் சவ்வின் மேல் ஒட்டிப் பார்த்தது. மின்சாரம் கூடியது. ஆனால் பிஇசட்டியில் ஈயம் இருக்கிறது, அதை உடம்புக்குள் பல பத்தாண்டு வைப்பதற்கு யோசிக்க வேண்டும். கொரியாவின் இன்னொரு குழு சவ்வுக்குப் பதிலாக வேறு வேறு நீளமுள்ள சன்னமான கம்பிப் பலகைகளை வரிசையாக நிறுத்தியது. குட்டையானது உயர்ந்த ஒலிக்கு, நீளமானது தாழ்ந்த ஒலிக்கு. துருக்கியின் அங்காராவில் ஹலுக் கியூலா குழு அதே மாதிரியான பலகைகளைச் செவிப்பறைப் பக்கம் வைத்து, காது மடலையும் செவிப்பறையையுமே மைக்காகப் பயன்படுத்தும் வழியில் போகிறது.

அளவும் ஒரு தலைவலி. காற்றில் வைத்துச் சோதிக்கும்போது நன்றாகப் பிரிக்கும் சவ்வைத் திரவத்துக்குள் மூழ்கவைத்தால், திரவத்தின் எடையையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் அதன் அலைவெண்கள் எல்லாம் கீழே இறங்கிவிடும். ஒருவகையில் இது நல்லதுதான். ஆண்குரலின் தாழ்ந்த ஒலி 100, 200 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதைப் பிடிக்கும் சவ்வைக் காற்றில் செய்தால் காதுக்குள் நுழையாத அளவுக்குப் பெரிதாகிவிடும். திரவமும் இளகிய பொருளும் சேர்ந்தால்தான் சின்ன இடத்தில் தாழ்ந்த ஒலி சாத்தியம். காக்ளியா ஏன் தண்ணீருக்குள் இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தப் பொறியாளர்கள் தங்கள் கையாலேயே பதில் கண்டுபிடிக்க வேண்டி வந்தது. 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வைட், கார்ல் கிராஷ் இருவரும் திரவம் நிரம்பிய ஒரு சின்னச் செயற்கைக் காக்ளியாவைச் சிலிக்கானில் செய்து, ஓடும் அலை அதில் வருவதைக் காட்டினார்கள்.

செத்த காதும் உயிருள்ள காதும்

ஆராய்ச்சி இப்போது முட்டிக்கொண்டிருக்கும் சுவர் வெளி மயிர்ச்செல்கள். பெகெஷி பார்த்தது இறந்தவர்களின் காது. அதில் அலை வந்தது, ஆனால் அகலமாக, மழுங்கலாக வந்தது. உயிருள்ள மனிதனின் காது அதைவிட மிகக் கூர்மையாகப் பிரிக்கிறதே என்று 1948-இலேயே தாமஸ் கோல்ட் என்ற இளைஞர் கேட்டார். காதுக்குள் ஆற்றல் செலவழித்து அலையைப் பெருக்கும் ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும், அப்படி இருந்தால் காதே மெல்ல ஒலி எழுப்ப வேண்டும் என்றார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் கழித்து, 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் காதுத் துவாரத்தில் சன்னமான மைக்கை வைத்து, காதிலிருந்து ஒலி வெளியே வருவதைப் பதிவு செய்தார். 1985-இல் வெளி மயிர்ச்செல்கள் மின்னழுத்தத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்குவதை வில்லியம் பிரவுனெல் காட்டினார். 2000-இல் அதற்குக் காரணமான பிரெஸ்டின் என்ற புரதத்தை பீட்டர் டாலோஸின் ஆய்வகம் கண்டுபிடித்தது.

இதன் பயன் ஏற்கெனவே நம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்துவிட்டது. பிறந்த குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்து ஓஏஇ பரிசோதனை செய்கிறார்களே, அது கெம்ப் கண்ட அந்த ஒலியைத்தான் தேடுகிறது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வெளி மயிர்ச்செல்கள் ஒவ்வோர் அதிர்வுக்கும் சரியான நேரத்தில் சவ்வை உந்திவிட்டு, மெல்லிய ஒலியை 40 முதல் 60 டெசிபல் வரை தூக்கிக் கொடுக்கின்றன. பலத்த ஒலிக்கு அந்த உதவி தானாகக் குறைந்துவிடும். இந்த ஏற்பாட்டால்தான் கிசுகிசுப்பும் இடியும் ஒரே காதுக்குள் அடங்குகின்றன. தறிக்காரர்களிடம் முதலில் போவது இந்த உதவிதான். ஜப்பானியச் சவ்வும் கொரியச் சவ்வும் பெகெஷியின் செத்த காதைப் போன்றவை: பிரிக்கும், பெருக்காது. ஜெர்மனியின் இல்மெனாவ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கிளாடியா லெங்க் குழு 2023-இல் வெளியிட்ட வேலை இந்த இடத்தில்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சிலிக்கானில் செய்த சன்னமான அதிர்பலகைகளுக்கு அவற்றின் அசைவையே திருப்பி ஊட்டி, மெல்லிய ஒலியைப் பெருக்கவும் பலத்த ஒலியை அடக்கவும் வைத்தார்கள். காதின் உயிருள்ள பகுதியைக் கருவியில் கொண்டுவரும் முயற்சி என்று இதைத்தான் நான் மதிக்கிறேன். மனிதக் காதுக்குள் வைக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

மின்சாரத்துக்கு என்ன வழி? காக்ளியாவுக்குள்ளேயே ஒரு பேட்டரி இருக்கிறது. உள் திரவத்துக்கும் சுற்றியுள்ள திரவத்துக்கும் இடையே சுமார் 80 மில்லிவோல்ட் எப்போதும் நிற்கும். 2012-இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன் குழுவும் பாஸ்டன் காது மருத்துவர்களும் சேர்ந்து, கினிப் பன்றியின் காதிலிருந்து சில மணி நேரம் ஒரு நானோவாட் அளவு ஆற்றலை எடுத்து, கேட்பைக் கெடுக்காமல் ஒரு சின்ன ரேடியோ சிப்பை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு நானோவாட் நரம்பைத் தூண்டப் போதாது. ஆனால் 2014-இல் அதே குழு, நடுக்காதின் எலும்புகளையே மைக்காகப் பயன்படுத்தி முழுக்க உள்ளேயே இருக்கும் இம்பிளான்டுக்கான குறைந்த மின்சாரச் சிப்பைச் செய்தது. 2024-இல் எம்ஐடியிலிருந்து பிவிடிஎஃப் படலத்தால் ஆன, செவிப்பறையின் மையத்தில் தொட்டு நிற்கும் மைக் ஒன்றின் சோதனை முடிவு வந்திருக்கிறது. முழுக்க உள்ளே இருக்கும் இம்பிளான்டை மனிதர்களிடம் சோதிப்பதும் அமெரிக்காவில் நடக்கிறது. மைக் உடம்புக்குள் இருந்தால் தான் மெல்லும் சத்தமும் விழுங்கும் சத்தமும் சேர்ந்து கேட்கும். அதை வடிகட்டுவது தனி வேலை.

இதற்கிடையில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் டோபியாஸ் மோசர் குழு மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியால் நரம்பைத் தூண்டப் பார்க்கிறது, ஒளி மின்சாரம் மாதிரி திரவத்தில் பரவாது என்பதால். ஷாங்காயில் ஓட்டோஃபெர்லின் மரபணுக் குறையோடு பிறந்த ஆறு குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை கொடுத்து ஐந்து பேருக்குக் கேட்பு வந்ததாக 2024-இல் முடிவு வந்தது. அது பிறவிக் கேளாமையில் ஒரு சிறு பகுதிக்கான வழி. சத்தத்தில் செத்த செல்லுக்கு அது உதவாது.

யாருக்கு உதவும்

தறிச் சத்தத்தால் மட்டும் முழுசாகக் காது போவது அரிது. மேல் ஒலி போகும், கீழ் ஒலி நிற்கும். இன்றைய இம்பிளான்ட் வைக்க இந்தக் காதுகளில் பெரும்பாலானவை தகுதி பெறாது, பெற்றாலும் கம்பியைச் செருகும்போது மிச்சம் இருக்கும் கீழ் ஒலியும் கெட வாய்ப்பு உண்டு. கீழ் ஒலிக்கு ஹியரிங் எய்டும் மேல் ஒலிக்குக் குட்டையான மின்முனையும் சேர்ந்த கலப்புக் கருவிக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். காக்ளியாவில் உயர்ந்த ஒலியின் இடம் வாசல் பக்கத்திலேயே இருப்பதால் குட்டையான கருவியே போதும். செயற்கைச் சவ்வும் முதலில் நன்றாகப் பிடிப்பது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் கொண்ட உயர்ந்த ஒலிகளைத்தான். தறிக்காரர் இழந்ததும் அதே ஒலிகள். அதனால்தான் இந்த ஆராய்ச்சி கொங்குப் பக்கத்துக்கு மற்ற இடங்களைவிட நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

சட்டம் அந்த மனிதரை இன்னும் பார்க்கவில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலில் சத்தத்தால் வரும் கேளாமை ஒரு தொழில்நோயாகவே இருந்தது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் பிடித்தது. வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் ஆறு தறி, எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்யும் குடும்பம் அதற்குள் வரவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி கேட்புக் குறையுள்ளவர் என்று ஏற்கவும் இரண்டு காதிலும் பேச்சு அலைவெண்களில் 60 டெசிபல் இழப்பு வேண்டும். 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் ஆழமான பள்ளம் விழுந்தவருக்குச் சான்றிதழும் இல்லை, அதன் வழியாக வரும் உதவியும் இல்லை. பேச்சு புரியாத கஷ்டம் மட்டும் உண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இது அவசரமானது. செயற்கை உள்காது எவ்வளவு நன்றாக வந்தாலும் அது தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள உயிருள்ள நரம்பு வேண்டும். 2009-இல் ஹார்வர்டின் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். பலத்த சத்தத்துக்குப் பிறகு கேட்பு பழைய நிலைக்குத் திரும்பி, மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தாலும், செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பகுதி அறுந்துபோயிருந்தது. அறுந்த நரம்பிழைகள் பின்னால் மெதுவாக அழிந்தன. ஷிப்ட் முடிந்து வரும்போது காதில் "ங்ஙொய்" என்று கேட்டு, காலையில் சரியாகிவிட்டது என்று விடுகிறோமே, அது சரியானதாக இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே இன்றைக்கு முப்பது வயதில் தறி ஓட்டுகிறவரின் நரம்பைக் காப்பாற்றுவது, நாளைக்கு வரப்போகும் கருவிக்கான தயாரிப்பும்கூட. நுரை இயர்பிளக் ஒன்றின் விலை சில ரூபாய்தான், சரியாகத் திருகிச் செருகினால் 15, 20 டெசிபல் குறையும். காதுக்குள் எதையாவது வைத்தால் தறி மாறி ஓடும் சத்தம் தெரியாது, நூல் அறுந்தது தெரியாது என்று பலர் தயங்குகிறார்கள். இரண்டு வாரம் பழகினால் அந்தச் சத்தம் பிடிபட்டுவிடும், ஏனென்றால் பிளக் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. நெசவாளர் சங்கங்களும் தறி உரிமையாளர் சங்கங்களும் கண் சிகிச்சை முகாம் நடத்துவதுபோல வருடம் ஒருமுறை ஆடியோமெட்ரி முகாம் நடத்தலாம். அதில் 4,000, 6,000 ஹெர்ட்ஸ் இரண்டையும் கட்டாயம் அளக்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இம்பிளான்ட் வைத்திருக்கும் குழந்தைகளுக்கு, உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் பேட்டரி, கேபிள், பிராசஸர் மாற்றும் செலவை அரசுத் திட்டம் முழுசாக ஏற்க வேண்டும். பேட்டரி வேண்டாத காது ஆய்வகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்வரை இந்தப் பிள்ளைகள் கேட்பது அந்தப் பேட்டரியால்தான்.